ராமச்சந்திரன் வரைபடம் பிறந்த கதை

ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்துவிட்டதாக உலகின் எந்த ஆய்வகம் சொன்னாலும், அந்த வடிவம் ஒரு சதுரக் கட்டத்துக்குள் வந்து தேற வேண்டும். கட்டத்தின் கிடையச்சில் ஒரு கோணம். நிமிரச்சில் இன்னொரு கோணம். புரதத்தில் உள்ள ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் அதில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் குறிப்பிட்ட சில பகுதிகளுக்குள் விழுந்தால் வடிவம் நம்பத்தக்கது. வெளியே பல புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அளவெடுத்ததிலோ கணக்கிலோ பிழை இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கட்டத்துக்குப் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையிலிருந்து மூன்று பேர் இதை உலகுக்குத் தந்தார்கள்: ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்றும் இதற்கு நிலையான இடம் உண்டு. இது பிறக்கக் காரணமாக இருந்தது ஒரு மறுப்பு. ராமச்சந்திரன் அதற்கு முன் கண்டுபிடித்த ஒரு புரத வடிவத்தில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து எழுந்த மறுப்பு அது. அதற்குப் பதில் தேடிப் போனவர்கள், எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான ஒரு விதியோடு திரும்பினார்கள்.

சங்கிலியும் அதன் மடிப்பும்

கதைக்குள் போகும் முன் புரதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் உடலில் உள்ள புரதங்கள் அனைத்தும் அடிப்படையில் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுவிலும் ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதை ஆல்ஃபா கார்பன் என்பார்கள். அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் கொண்ட அமினோ தொகுதி, மறுபக்கம் அமிலத் தொகுதி. இவை போக ஒரு ஹைட்ரஜனும் ஒரு பக்கச் சங்கிலியும் அதில் ஒட்டியிருக்கும். 20 வகைகளையும் வேறுபடுத்துவது இந்தப் பக்கச் சங்கிலிதான். ஓர் அமினோ அமிலத்தின் அமிலத் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு இணையும்போது பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது. இப்படி நூற்றுக்கணக்கில், சில புரதங்களில் ஆயிரக்கணக்கில், இணைந்து நீள்வதே புரதச் சங்கிலி.

எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது என்ற வரிசை முதல்நிலை அமைப்பு. சங்கிலியின் பகுதிகள் சுருளாகவோ தாளாகவோ ஒழுங்குபடுவது இரண்டாம் நிலை. முழுச் சங்கிலியும் மடிந்து ஒரு முப்பரிமாண உருவம் பெறுவது மூன்றாம் நிலை. அப்படி மடிந்த சங்கிலிகள் பல சேர்ந்து இயங்குவது நான்காம் நிலை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளின் கூட்டு.

உருவத்தை வைத்துப் புரதங்களைப் பெரும்பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். நொதிகளும் ஹீமோகுளோபினும் உருண்டு திரண்ட கோளப் புரதங்கள். முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் ஆகியவை நீண்டு கிடக்கும் நார்ப் புரதங்கள். செல்லின் சவ்வில் பதிந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்துபவை சவ்வுப் புரதங்கள். மூன்று பிரிவுக்கும் வேலை வேறு, உருவம் வேறு. சங்கிலியின் அடிப்படைக் கட்டுமானம் மட்டும் ஒன்றே.

1950களின் தொடக்கத்தில் இந்த உருவங்களில் ஒன்றைக்கூட அணு அணுவாக யாரும் பார்த்ததில்லை. அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் பெரிய அடியை எடுத்து வைத்திருந்தார்கள். பெப்டைடு பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாக அமைகின்றன என்று காட்டி, அந்த அடிப்படையில் 1951இல் ஆல்ஃபா சுருளையும் பீட்டா தாளையும் அறிவித்தார்கள். கெரட்டினின் புதிர் அதனால் பெருமளவு விடுபட்டது. கொலாஜன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பாலிங்கும் கோரியும் அதற்கும் ஒரு வடிவம் சொன்னார்கள், அது நிலைக்கவில்லை.

கிண்டியில் ஒரு துறை

ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்தார். சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். ராமனிடம் ஆய்வு முடித்தபின் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குப் போய், 1949இல் அங்கும் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பை அறியும் கலையில் அவர் தேர்ந்திருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது முதலில் அணுகியது ராமனை. ராமன் தன் மாணவரைக் காட்டினார். முப்பது வயதை ஒட்டிய ஒருவரிடம் ஒரு துறை முழுவதையும் ஒப்படைக்கத் துணைவேந்தர் தயங்கவில்லை. 1952இல் ராமச்சந்திரன் சென்னைக்கு வந்தார். கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வகத்தை அமைத்தார். எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் பாக்கி.

அந்த ஆண்டே பிரிட்டனின் புகழ்பெற்ற படிகவியலாளர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்புக்கு இதுவரை யாரும் நிறைவான விடை தரவில்லை என்று பேச்சினிடையே சொன்னார். ராமச்சந்திரனுக்கு அது போதுமானதாக இருந்தது. உடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

இதற்குச் சென்னை பொருத்தமான ஊராகவும் அமைந்தது. பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன். விலங்குத் தோல் பதனிடப்பட்டுத் தோல் பொருளாவது அந்தக் கொலாஜனில் நிகழும் மாற்றத்தால்தான். ஆகவே கொலாஜனில் தேர்ந்தவர்களும் மாதிரிகளும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் மற்றவற்றைவிடத் தெளிவாக வந்தது.

மூன்று இழை

நார்ப் புரதத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தில் கிடைக்கும் தகவல் குறைவு. சுருளின் படி உயரம் போன்ற சில அளவுகளை மட்டுமே அதிலிருந்து நேராகப் பெற முடியும். மீதியை வேறு சான்றுகளிலிருந்து ஊகிக்க வேண்டும். ராமச்சந்திரனும் கர்த்தாவும் பிடித்துக்கொண்ட சான்று வேதியியலிலிருந்து வந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அதன் பக்கச் சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் பெரும்பாலான புரதங்களில் இல்லாத அளவுக்குக் கொலாஜனில் மிகுந்திருக்கின்றன.

மூன்றில் ஒரு பங்கு என்பது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். அப்படி இருக்க என்ன தேவை? ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் இடமே இல்லாத ஓர் உள்மையத்தை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வேறு எந்தப் பக்கச் சங்கிலியும் அங்கே நுழைய முடியாது. கிளைசின் மட்டுமே பொருந்தும். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் அத்தகைய நெருக்கமான மையம் உருவாகும்.

1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் அந்த மாதிரி வெளிவந்தது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அதே இதழில் வெளிவந்த அடுத்த ஆண்டு, சென்னையிலிருந்து ஒரு மூன்றிழைச் சுருள். அதில் சுருள்கள் ஒன்றுக்கொன்று இணையாக நேராக நின்றன. 1955இல் அவர்களே அதைத் திருத்தினார்கள். எக்ஸ் கதிர்ச் சான்றுகளின்படி ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அமினோ அமிலங்கள் வரவில்லை. அதைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தன. சுருள் நேராக நின்றால் கிளைசின் மெல்ல மெல்ல மையத்தை விட்டு விலகிப் போய்விடும். மூன்று சங்கிலிகளும் ஒரு பொது அச்சைச் சுற்றி மீண்டும் முறுக்கிக்கொண்டால் கிளைசின் கடைசிவரை மையத்திலேயே இருக்கும்.

கயிறு திரிப்பவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும். புரியை ஒரு பக்கம் முறுக்கி, மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் கயிறு பிரியாது. கொலாஜனில் ஒவ்வொரு சங்கிலியும் இடம்புரியாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலம்புரியாகத் திரிகின்றன. நம் தசைநாண் இழுவையைத் தாங்கும் வலிமையின் அடிப்படை இந்தத் திரிப்பு.

உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கொலாஜனே. அதன் ஒரு சங்கிலியில் 1,000 அமினோ அமிலங்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு கிளைசின் இடத்தில் பெரிய பக்கச் சங்கிலி கொண்ட வேறொன்று வந்துவிட்டால்கூட மூன்றிழையின் திரிப்பு அங்கே கெடுகிறது. சிறு அடிக்கே எலும்பு முறியும் பிறவி நோய் பல குழந்தைகளுக்கு இப்படித்தான் வருகிறது. புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாற வைட்டமின் சி தேவை. அது கிடைக்காவிட்டால் மூன்றிழை உறுதி இழக்கிறது. ஸ்கர்வி நோயில் ஈறு இளகி இரத்தம் கசிவதன் காரணம் இதுவே.

கேம்பிரிட்ஜின் மறுப்பு

திருத்திய மாதிரி வெளிவந்த அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் நேச்சரில் எழுதினார்கள். மூன்று சங்கிலிகள் திரிந்து நிற்கும் அடிப்படை அமைப்பை ஒத்துக்கொண்டார்கள். சென்னை மாதிரியின் நுணுக்கங்களை ஏற்கவில்லை. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் சொல்லியிருந்தார். ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள் அவர்கள். இரண்டு பிணைப்புகளுக்கு இடம் கொடுக்கும்போது சில அணுக்கள் ஏற்கத்தகாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன என்பது அவர்களின் வாதம்.

ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜ்காரர்களின் கருத்தே பிற்பாடு நிலைத்தது. கொலாஜனைப் போன்ற ஒரு பெப்டைடின் படிக அமைப்பு 1994இல் வெளியானபோது அது உறுதிப்பட்டது. மூன்றிழை என்ற மூலக் கருத்து சென்னையுடையது. அதுவும் அதே படிகத்தில் உறுதிப்பட்டது.

ராமச்சந்திரனை உறுத்தியது மறுப்பின் இரண்டாம் பகுதி. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்கிறார்கள். அந்த அளவு எது? பிணைப்பில்லாத ஒரு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம்? இரண்டு ஹைட்ரஜன்கள்? அன்று வழக்கிலிருந்த எல்லைகள் பொதுவான மதிப்பீடுகள். புரதச் சங்கிலிக்கென்று யாரும் அதை முறையாக அளந்து வைத்திருக்கவில்லை.

வாதத்துக்கு எதிர்வாதம் எழுதுவது எளிது. ராமச்சந்திரன் அளக்கத் தீர்மானித்தார். அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், அவற்றை ஒத்த சேர்மங்கள் ஆகியவற்றின் படிக அமைப்புகள் அதற்குள் கணிசமாக வெளிவந்திருந்தன. எல்லாம் அச்சில் வந்தவை. யாரும் எடுத்துப் பார்க்கலாம். சசிசேகரனும் அவரும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று தொகுத்தார்கள். இரண்டு பட்டியல்கள் உருவாயின. முதலாவது, சாதாரணமாக ஏற்கத்தக்க குறைந்த தூரம். இரண்டாவது, அரிதாகவேனும் காணப்படும் கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.8, கடைசி எல்லை 2.7. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசி எல்லை 1.9. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அணுக்கள் பலரும் நினைத்ததைவிட நெருங்கி நிற்கக் கூடியவை என்பது இந்தத் தொகுப்பில் தெளிவாயிற்று.

இரண்டே கோணங்கள்

கொலாஜனுக்காகத் தொடங்கிய வேலை இங்கே கொலாஜனைத் தாண்டிச் சென்றது. எல்லைகள் கைக்கு வந்துவிட்டன. அப்படியானால் எந்தப் புரதச் சங்கிலியும் எப்படியெல்லாம் வளையலாம், எப்படியெல்லாம் வளையக் கூடாது என்று சொல்லிவிடலாமே என்ற கேள்வி பிறந்தது.

பெப்டைடு பிணைப்பு தட்டையானது என்று பாலிங் ஏற்கெனவே காட்டியிருந்தார். அந்தப் பிணைப்பைச் சுற்றிச் சங்கிலி எளிதில் திரும்பாது. ஆகவே ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்ப இரண்டே இடங்கள் மீதமிருக்கின்றன: நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் இடையே ஒன்று, ஆல்ஃபா கார்பனுக்கும் அமிலத் தொகுதியின் கார்பனுக்கும் இடையே மற்றொன்று. இன்று அந்தத் திருப்பங்களை ஃபை, சை என்ற கிரேக்க எழுத்துகளால் குறிக்கிறோம். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இந்த இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் முழுச் சங்கிலியின் போக்கும் தெரிந்துவிடும். முப்பரிமாணத்தில் எண்ணிப் பார்க்கவே சிரமமான ஓர் உருவம், தாளில் எழுதக்கூடிய எண் இணைகளாக மாறியது.

அடுத்தது கணக்கு. இரண்டு பெப்டைடுத் தளங்களையும் நடுவில் ஓர் ஆல்ஃபா கார்பனையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோணத்தைச் சிறிது திருப்ப வேண்டும்; அணுக்களின் இடங்களைக் கணிக்க வேண்டும்; ஒவ்வோர் இணைக்கும் தூரம் கண்டு பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பிறகு அடுத்த திருப்பம். 10 டிகிரிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டாலே 1,296 நிலைகள் வருகின்றன. ஒவ்வொரு நிலையிலும் பல தூரங்கள். ஆய்வு மாணவராக இருந்த ராமகிருஷ்ணன் மேசைக் கணக்குப்பொறியில் இதைச் செய்து முடித்தார். அணுக்கள் மோதும் நிலைகளைத் தள்ளிவிட்டு, மோதாத நிலைகளை மட்டும் கட்டத்தில் குறித்தார்கள்.

மோதாத இடம் மிகக் குறைவாக இருந்தது. கிளைசின் தவிர்த்த பொதுவான அமினோ அமிலத்துக்குக் கட்டத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு விலக்கப்பட்டுவிட்டது. மிஞ்சிய இடங்களில் முன்பே அறிந்த வடிவங்கள் அனைத்தும் இருந்தன. வலம்புரி ஆல்ஃபா சுருள் ஒரு பகுதியில். பீட்டா தாள் மேல் இடப்புறத்தில் ஒரு விரிந்த பகுதியில். கொலாஜனின் சங்கிலியும் அதற்குள்ளேயே. இடம்புரி ஆல்ஃபா சுருளுக்கு வலப்புறத்தில் ஒரு சிறு பகுதி. புரதத்தின் அமினோ அமிலங்களில் பக்கச் சங்கிலி எப்போதும் ஒரே பக்கமாக அமைந்திருப்பதால் வலம்புரிக்கு இடம் அதிகம், இடம்புரிக்குக் குறைவு. பக்கச் சங்கிலியாக ஒரு ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட கிளைசினுக்குப் பரந்த இடம் கிடைத்தது. வளையத்தில் கட்டுண்ட புரோலினுக்கு ஃபை கோணம் ஏறக்குறைய நிலையாகி, மிகக் குறுகிய இடமே கிடைத்தது. கொலாஜன் தன் சங்கிலிக்கு இந்த இரண்டையும் ஏன் தேர்ந்துகொண்டது என்பதும் இதில் விளங்குகிறது: ஒன்று மையத்தில் பொருந்துகிறது, மற்றது சங்கிலியை விறைப்பாக வைத்திருக்கிறது.

1963இல் மூலக்கூறு உயிரியல் ஆய்விதழில் ஐந்தே பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் புரத அமைப்பு பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு சென்னையில் நடந்தது. புரதங்களைப் பற்றிப் பேச உலகம் சென்னைக்கு வந்த காலம் அது.

வந்த புரதங்களும் வரைபடமும்

வரைபடம் தயாரானபோது அணு அளவில் வடிவம் தெரிந்த புரதங்கள் ஒரு கையில் எண்ணும் அளவே. ஜான் கென்ட்ரூவின் மையோகுளோபின்தான் முதலாவது. பிறகு லைசோசைம், ரைபோநியூக்ளியேஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன. அமெரிக்காவில் ரைபோநியூக்ளியேஸைத் தீர்த்த குழுவில் அதே கோபிநாத் கர்த்தா இருந்தார். எந்தப் புரதம் வந்தாலும் புள்ளிகள் சென்னையில் வரைந்த பகுதிகளுக்குள்ளேயே பெரும்பாலும் விழுந்தன. கோளப் புரதம், நார்ப் புரதம், சவ்வுப் புரதம் எதுவாயினும் விதி ஒன்றே. புரதங்களைப் பார்க்கும் முன்பே அவற்றின் எல்லையைச் சொன்ன வரைபடம் அது.

இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் 2,00,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றோடும் வரும் தர அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழுந்த அமினோ அமிலங்கள் எத்தனை என்ற எண் இருக்கிறது. நன்றாகத் தீர்க்கப்பட்ட அமைப்பில் 98 விழுக்காட்டுக்கு மேல் உகந்த பகுதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு. ஒரு மருந்தை வடிவமைப்பவர் தன் இலக்குப் புரதத்தை நம்பலாமா என்று பார்ப்பதும், கணினி கணித்துத் தரும் புரத வடிவத்தைச் சோதிப்பதும் இதே கட்டத்தில்தான்.

ராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டுப் போனார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்புறப் படத்தைக் கட்டமைக்கும் விரைவான கணித முறையை வெளியிட்டார், சி.டி. ஸ்கேன் துறைக்கு அது பெரிய பங்களிப்பு. 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் இன்று மூன்றிழைச் சுருளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அறிவியலில் மறுப்பு வருவது இழிவாகாது. மறுப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில் ஆய்வாளரின் தரம் தெரிகிறது. எல்லோரிடமும் இருந்த தரவுகளையும் ஒரு கணக்குப்பொறியையும் மட்டும் வைத்துக்கொண்டு, 'எந்த அளவு?' என்று பொறுமையாகக் கேட்டவர்கள் கிண்டிக்காரர்கள். மாணவர்களுக்குப் புரதம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுருள், தாள், நான்கு நிலை என்று பலகையில் எழுதும் நாளில் அந்தச் சதுரத்தையும் வரையுங்கள். அது சென்னையில் பிறந்தது என்று சொல்லுங்கள். ராமச்சந்திரனோடு கர்த்தா, சசிசேகரன், ராமகிருஷ்ணன் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.